இசக்கியம்மா வீட்டுச் சுவர்

தேர்ச் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புவதில் மாசானம் பெரிய கெட்டிக்காரர். அவரிடம் தொழில் படிக்க வந்த சங்கரபாண்டிக்கு அவரைவிட வயது கூடுதல். அதனால் குரு சீடரை அண்ணாச்சி என்பார், சீடர் குருவை வாத்தியாரே என்பார். ஊர் சிரிக்கும். சிரிக்கட்டுமே!

போன வருஷம் மேலத்தெரு முக்கில் சங்கரபாண்டி போட்ட கட்டையில் தேர் ஒரேயடியாகத் திரும்பி, இசக்கியம்மா வீட்டுச் சுவரைத் தள்ளிவிட்டது. பாவம், தனியாக இருக்கிற மனுஷி. இப்போதுதான் மறுபடி எழுப்பியிருந்தாள். இன்னொரு தரம் இடித்தால் சங்கரபாண்டியைத் தேர்ப்பக்கமே விடக்கூடாது என்று ஊர்க்கூட்டத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

தேரோட்டத்துக்கு முந்தின நாள் அவர் மாசானத்திடம் வந்தார்.

"வாத்தியாரே, தேர் என்ன கனம் வரும்? வடத்தை எத்தனை பேர் இழுப்பாங்க? சொல்லுங்க, முக்குக்குத் தோதா இப்பவே கட்டையைச் செதுக்கி வச்சிருதேன்."

"போன வருஷமும் செதுக்கித்தானே வச்சீங்க?"

"அன்னைக்கு மழை பெஞ்சு தெரு ஊறிப்போகும்னு யாரு கண்டா?"

"அதைத்தான் நானும் கேக்கேன்" என்றார் மாசானம்.

மறுநாள் தேர் முக்குக்கு வந்து நின்றது. மாசானம் சீடரைச் சக்கரத்தைப் பார்க்க நிறுத்தி, சின்னச் சின்னக் கட்டைகளாகக் கொடுத்தார்.

"இதுல எதை எப்பப் போட, வாத்தியாரே?"

"ஒண்ணு போடுங்க. சக்கரம் என்ன செய்யுதுன்னு பாருங்க. பாத்துட்டு அடுத்ததைப் போடுங்க."

சொல்லிவிட்டு நேரே போய் இசக்கியம்மா வீட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

சங்கரபாண்டி சக்கரத்தடியில் குனிந்தார். ஒரு கட்டை போட்டார். தேர் லேசாகத் திரும்பியது, போதவில்லை. இன்னொன்று போட்டார். வடக்காரர்களுக்கு என்ன உற்சாகம் வந்ததோ, தேர் சுவரைப் பார்த்தே வந்தது.

"நிறுத்துங்கய்யா!"

இழுப்பு நின்றது. அந்தப் பக்கச் சக்கரத்துக்கு ஓடி ஒரு கட்டை வைத்தார். மறுபடி இழுத்தார்கள். கொஞ்சம் விலகியது. பார்த்தார், போட்டார், பார்த்தார். மாசானம் உட்கார்ந்த இடத்தைவிட்டு நகரவில்லை. அவர் காலை ஒட்டினாற்போலத் தேர் திரும்பிப் போனது.

இசக்கியம்மா சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, இரண்டு பேருக்கும் மோர் கொண்டுவந்தாள். சங்கரபாண்டி செம்பை வாங்காமல் மாசானத்தின் பக்கம் திரும்பினார்.

"உங்களுக்குக் கிறுக்கா வாத்தியாரே? நசுங்கியிருப்பீங்களே!"

"அது கிடக்கட்டும். இன்னைக்கு எத்தனை பேரு இழுத்தாங்க?"

"நான் எங்க கண்டேன்? சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கலையே."

"அடுத்த வருஷம் எத்தனை பேரு வருவாங்க?"

"அது யாருக்குத் தெரியும்!"

மாசானம் மோரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தார்.

"அப்போ அடுத்த வருஷமும் முக்குல நீங்களே நில்லுங்க."