பழகுவீட்டின் சுவர்

விடை தெரிந்தவர்கள் கேள்வி வரும்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் புண்ணியமாகப் போகும். அவசரக்காரர்கள் இந்தக் கதையில் நிச்சயம் தடுக்கி விழுவார்கள்.

வல்லநல்லூரில் செண்பகவல்லி என்று ஒருத்தி. புருஷன் போனபின் வெற்றிலைக் கொடிக்காலைத் தனியாளாகக் கட்டி ஆண்டவள். ஒருநாள் கொடிக்காலில் ஏணியிலிருந்து விழுந்தாள். கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. புத்தி சில நாள் தெளிந்திருக்கும், சில நாள் கலங்கியிருக்கும். தெளிந்த நாளில் கேட்டால் பதில் உண்டு. கண்ணை மூடித் திறந்தால் ஆமாம். மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் இல்லை.

இப்படிப்பட்டவர்களுக்கு அந்த ஊர் நியாயசபை ஒரு காப்பாளரை நியமிக்கும். என்ன உண்பது, எங்கே இருப்பது, யாரைப் பார்ப்பது எல்லாம் அதன்பின் காப்பாளர் வைத்ததுதான் சட்டம். செண்பகவல்லிக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். அண்ணன் மாசிலாமணி, சித்தப்பா மகன் கோதண்டம், புருஷனுடைய தங்கை வடிவு. விழுந்த நாள் முதல் மாசக்கணக்காகக் கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் வடிவுதான்.

பாசம் மட்டும் போதாது என்பது சபைத் தலைவி தில்லைநாயகியின் கட்சி. முன்பு ஒரு தாய், படுத்த படுக்கையாய்க் கிடந்த வளர்ந்த மகனுக்குத் தலையைத் தூக்காமலே கஞ்சி ஊட்டினாள். புரையேறி அவன் செத்துப்போனான். அந்தத் தாயைவிடப் பாசக்காரி ஊரில் கிடையாது. அன்றைக்குத் தில்லைநாயகி சபையில் சத்தியம் செய்தாள்: "பழகாத கையில இனிமே ஒரு உசிரையும் ஒப்படைக்க மாட்டேன்."

பழகுவதற்கென்றே சபைக்குப் பின்னால் ஒரு வீடு உண்டு. ஊரார் அதைப் பழகுவீடு என்பார்கள். காப்பாளராக விரும்புகிறவர் இரண்டு வாரம் அங்கே தங்கவேண்டும். முதல் வாரம் அவரே நோயாளி. மூக்காயி என்ற பணிப்பெண் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்கவைப்பாள். இரண்டாம் வாரம் தூக்க, புரட்ட, புரையேறாமல் ஊட்டப் பாடம். நடுவில் எழுந்து போனால் பழகியதாகக் கணக்கில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்களே, அதைத்தான் அந்தச் சபை சட்டமாக்கி வைத்திருந்தது.

மூக்காயியைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனசு. ஆனால் முதல் வாரத்தில் யாரையும் எதுவும் கேட்கக்கூடாது என்று சபை அவளுக்கு உத்தரவு போட்டிருந்தது.

முதலில் போன மாசிலாமணி இரண்டு சுற்றுப் பெருத்து வெளியே வந்தார். "ராஜ உபசாரம்மா! பேசாம இங்கனயே இருந்துறலாமான்னு தோணிச்சு" என்றார். ஒரு வாரம் தன்னை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதே அந்த மனுஷருக்கு உறைக்கவில்லை.

அடுத்து கோதண்டம். நல்ல மனிதன். பாடத்தில் ஒன்றைக்கூட விடவில்லை. நோகாமல் புரட்டவும், சாய்த்து உட்காரவைத்து ஊட்டவும் அவனுக்குக் கை படிந்துவிட்டது. "முதல் வாரம் எப்படி இருந்தது?" என்று தில்லைநாயகி கேட்டாள். "கஷ்டமாத்தான் இருந்துச்சும்மா. அப்புறம் பழகிப்போச்சு" என்றான்.

கடைசியாக வடிவு. அவளுக்குப் பால் என்றாலே குமட்டும்.

"வேண்டாம்க்கா."

"குடி தாயி, உடம்புக்கு நல்லது" என்று சிரித்துக்கொண்டே ஊட்டினாள் மூக்காயி. மறுநாளும் ஊட்டினாள். அதற்கு மறுநாள் டம்ளரைக் கண்டதும் வடிவு எழுந்துவிட்டாள். சுவரேறிக் குதித்து ஓடினாள். தன் வீட்டுக்குப் போகவில்லை. நேரே செண்பகவல்லியின் கட்டிலுக்கு ஓடினாள்.

"மதினி, நான் தினமும் ஊட்டுனேனே பாலு... அது உங்களுக்குப் பிடிக்குமா?"

அன்றைக்குச் செண்பகவல்லி தெளிவாக இருந்தாள். அவள் கண்ணை மூடவில்லை. வடிவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வடிவு தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளைபோல ஏங்கி ஏங்கி அழுதாள்.

செண்பகவல்லி தெளிந்திருந்த ஒரு நாளைத் தீர்ப்பு நாளாக்கி, தில்லைநாயகி கட்டிலருகே வந்து, மூவரையும் ஒவ்வொருவராக முன்னே நிறுத்தி, "இவர் வேண்டுமா?" என்று கேட்டாள். மாசிலாமணிக்குக் கண் மூடவில்லை. கோதண்டத்துக்கும் மூடவில்லை. வடிவு வந்து நின்றதும் செண்பகவல்லி கண்ணை இறுக மூடித் திறந்தாள். சந்தேகத்துக்கே இடமில்லை.

கோதண்டத்தின் கை பழகிய கை. ஆனால் அவள் அவனை வேண்டாம் என்கிறாள். அவள் வேண்டும் என்கிற வடிவுக்கோ, புரையேறாமல் ஊட்டத் தெரியாது; இத்தனை மாசம் ஒன்றும் ஆகாதது அதிர்ஷ்டம்தான். அவளிடம் ஒப்படைத்தால் சத்தியம் போகும், செண்பகவல்லியின் உயிரே போனாலும் போகும். ஒப்படைக்காவிட்டால், வாயில்லாத ஒருத்தி சொன்ன ஒரே சொல் காற்றோடு போகும்.

சொல்லுங்கள், தில்லைநாயகி யாரைக் காப்பாளராக்குவது நியாயம்?

விடை: வடிவைத்தான், ஆனால் அன்றைக்கு அல்ல. நடுவில் போனவர் பழகாதவர் என்றுதான் சட்டம் சொல்லிற்று. மறுபடி வந்து பழகக்கூடாது என்று அது எங்கேயும் சொல்லவில்லை. "நீ முழுசாப் பழகிட்டு வர்ற வரைக்கும் கோதண்டம் பாத்துக்கட்டும், எதையும் இவளைக் கேட்டே செய்யட்டும்" என்ற தில்லைநாயகி, "உனக்குச் சம்மதமா?" என்று செண்பகவல்லியையும் கேட்டாள். கண் மூடித் திறந்தது. ஆனால் வடிவு தயங்கினாள். "அதான் புரிஞ்சுபோச்சேம்மா. ஊட்டுற பாடத்தை மட்டும் படிச்சுக்கிறேன். அந்த மொதல் வாரம் இன்னொரு தடவை எதுக்கு?" தில்லைநாயகி சொன்னாள்: "மூணாம் நாளே பால் தாங்காம நீ செவுரேறிக் குதிச்சிட்டே. இவளுக்கு இத்தனை மாசமா தாங்கலையே, இவ எந்தச் செவுரேறிக் குதிச்சா? நீ படிச்சது பாதிதான்." வடிவு பழகுவீட்டு வாசலுக்குப் போய், "கதவைத் திறங்கக்கா" என்றாள்.