ஃப்ரேமோடு வந்த குழந்தை

"இனிமே படமே எடுக்கிறதில்லன்னு இருக்கேன் தங்கச்சி" என்றார் இஞ்ஞாசி.

மெகர்பானு கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் படத்துக்கு ஃப்ரேம் போடுகிற கடை. இஞ்ஞாசி குழந்தைகளைப் படம் எடுப்பவர். அவளைவிடப் பதினெட்டு வயசு மூத்தவர். ஆனாலும் தொழிலில் மனசு முட்டிக்கொண்டால் அவளிடம்தான் வந்து ஸ்டூலில் உட்காருவார்.

"ஏண்ணே?"

"இன்ஸ்டாவுல தினம் மூணு படம் போடுறேன். எட்டு மாசமாச்சு. பெரிய ஆளுங்க எடுக்கிற மாதிரியே அதே வெளிச்சம், அதே கூடை, அதே பூக்கிரீடம். ஒருத்தரும் நின்னு பாக்கிறதில்ல. லைக்கு போடுறது என் மச்சினன் மட்டும்தான்."

"அவராச்சும் பாக்கிறாரே."

"அவன் பாக்காமலே போடுறான்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"போன வாரம் ஒரு குழந்தை என்னப் பாத்துச் சிரிச்சுச்சு. இது இன்ஸ்டாவுல எடுபடுமான்னு யோசிச்சேன். அதுக்குள்ள சிரிப்பு போயிருச்சு. சாயங்காலம் கேமராவை வாங்க ஆள் வர்றான். குடுத்திரலாமா? உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்னு வந்தேன்."

மெகர்பானு புது ஃப்ரேம் மூன்றை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இதைப் பிரிச்சுக் குடுங்கண்ணே. ஃப்ரேம் போட ஆளுங்க வர்ற நேரம்."

கம்பெனியிலிருந்து வருகிற ஃப்ரேம்கள். மாதிரிக்கு உள்ளே ஒரு படம் வைத்தே வரும். இஞ்ஞாசி பின்னட்டையைக் கழற்றினார். படத்தாளை உருவினார்.

"இதை எங்க போட?"

"கீழ பெட்டி இருக்கு பாருங்க."

பெட்டி நிறைய அதே மாதிரித் தாள்கள். கூடைக்குள் குழந்தை. பூக்கிரீடம் வைத்த குழந்தை. மறுபடியும் கூடைக்குள் குழந்தை.

"நல்லா இருக்காண்ணே?"

"ஜோரா இருக்கு. வெளிச்சம் எப்படி விழுந்திருக்கு பாரு."

"யாரு எடுத்தது?"

"யாருக்குத் தெரியும்?"

"அவ்வளவு நல்ல படத்த ஏன் பெட்டியில போட்டீங்க?"

"நீதான போடச் சொன்ன. வர்றவங்க அவங்க புள்ள படத்தையில்ல வைப்பாங்க."

சொல்லிவிட்டுக் கையிலிருந்த தாளைப் பார்த்தார். போனைத் திறந்து தன் படங்களைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.



அப்போது இசைவாணி வந்தாள். இடுப்பில் ஒரு வயசுப் பையன். கன்னத்தில் பெரிதாகக் கறுப்புப் பொட்டு. அவன் பிறந்தநாளுக்கு இஞ்ஞாசிதான் படம் எடுத்தார். அவரைப் பார்த்ததும், கொண்டுவந்த படத்தை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"குடுடி" என்று மெகர்பானு கையை நீட்டினாள்.

படத்தில் பையன் வாயைத் திறந்து அழுதுகொண்டிருந்தான். பொட்டு கண்ணீரில் கரைந்து தாடைவரை வந்திருந்தது. ஓரத்தில் அவனைப் பிடிக்க வந்த இசைவாணியின் கை, பாதி மட்டும்.

"இதையாம்மா ஃப்ரேம் போடப்போற?" என்றார் இஞ்ஞாசி. "முப்பது படம் குடுத்தேனே. இது தவறிப்போய் வந்தது. கம்ப்யூட்டர்ல பொட்டை அழிக்க விட்டுப்போச்சு."

"அதுக்குத்தாண்ணே." அவள் தரையைப் பார்த்துச் சொன்னாள். "தப்பா நினைச்சுக்காதீங்க. தினம் குளிப்பாட்டுனதும் நான் வைக்கிற பொட்டு. மத்ததுல எல்லாம் அழிச்சிட்டீங்க. யாரு புள்ளையோ மாதிரி இருக்கான்."

மெகர்பானு அந்தப் படத்தை, இஞ்ஞாசி பிரித்து வைத்த ஃப்ரேமுக்குள் வைத்தாள். பின்னட்டையை மூடினாள். நிமிர்த்திப் பிடித்தாள்.

"யாரு எடுத்தது?"

"என்னக்கா இப்படிக் கேக்குறீங்க? இந்தா உக்காந்திருக்காங்களே, இஞ்ஞாசியண்ணன். போன்ல இந்தப் படத்தைப் பாத்துட்டு எங்க நாத்தனாரும் இதேதான் கேட்டாங்க. அண்ணன் பேரச் சொல்லியிருக்கேன்."

இஞ்ஞாசி எழுந்து வாசல்வரை போனார். போனில் யாரையோ கூப்பிட்டார்.

"வர வேணாம் தம்பி. விக்கல."

திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இந்தப் படத்த நான் இன்ஸ்டாவுல போட்டுக்கட்டுமாம்மா?"

இசைவாணி பையன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"பொட்டோடயாண்ணே?"

"பொட்டோடதாம்மா."