மூஞ்சி தெரியாத போட்டோ

ஒரு ஊர்ல ஒரு வாயாடி இருந்தா. பேரு சலேத்து, வயசு எட்டு. அவ வாய மூடி ஊர்ல ஒருத்தரும் பாத்ததில்ல. நீ கண்ண மூடு. ‘ம்’ மட்டும் கொட்டணும், சரியா?

“ம்.”

அவ அப்பா கப்பல்ல சமையல்காரரு. போயி ரெண்டு வருசம் ஆச்சு. போன் பேசலாம்னா, நடுக்கடல்ல எவன் டவர் நடுவான்? அப்புறம் ஒருநாள் பக்கத்து வீட்டு பெர்னத்து அத்தை மீன் கழுவிக்கிட்டே, வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காம, “எப்படி வளந்துட்ட புள்ள! உங்கப்பனுக்கு இனி உன்ன அடையாளமே தெரியாது”ன்னுட்டாங்க.

அவ்ளோதான். சலேத்துக்கு சோறு எறங்கல. அப்பா மறந்துருப்பாரோ, மறந்துருப்பாரோன்னு அதே நெனப்பு. அப்போ ஒரு யோசனை வந்துச்சு. தடதடதடன்னு ஓடினா, போட்டோ எடுக்கிற கஸ்பார் அண்ணன்கிட்ட.

“அண்ணே, என்ன ஒரு போட்டோ எடுங்க. மூஞ்சி தெரியக் கூடாது.”

“அப்ப எதுக்குடி போட்டோ? கால் கட்டைவிரலு போதுமா?”

“அப்பாவுக்குப் பரீச்சை அண்ணே. மூஞ்சியப் பாத்தா தபால்காரரு கூட சொல்லிருவாரு. உருவத்த மட்டும் பாத்து சொல்லட்டும். பெர்னத்து அத்தை மக ரெண்டு பேரையும் எடுங்க. மூணையும் கலந்து அனுப்புவோம்.”

“சரி, சூரியன முதுகுக்குப் பின்னால வச்சு எடுத்தா ஆளு கன்னங்கரேல்னு விழும். சாயங்காலம் கடற்கரைக்கு வா.”

அத்தை வீட்டுக்காரரு மறுநாள் விடிகாலைல சலேத்து அப்பா இருக்கிற அதே கப்பலுக்குப் போறாரு. அவர்கிட்ட கொடுத்துவிடணும். அதனால அன்னைக்கு விட்டா ஆகாது. கேக்குதா?

“ம்.”

சாயங்காலம் அத்தை மகளுங்க ரெண்டு பேரும் பவுடர அப்பு அப்புன்னு அப்பிட்டு வந்தாங்க. “கருப்பா விழப்போறதுக்கு எதுக்குடி பவுடரு?”ன்னாரு கஸ்பாரு. ஆனா ரெண்டும் பக்கவாட்டுல திரும்பி, மூச்சு விடாம, வெளக்குக் கம்பம் மாதிரி நின்னுச்சு. கிளிக், கிளிக். முடிஞ்சுது.

அப்புறம் நம்ம ஆளு. மொதல்ல நேரா பாத்து நின்னா. கிளிக். “அய்ய! புளி உருண்டைக்குக் காலு மொளச்சிருக்கு. திரும்பி நில்லு!”

திரும்பினா. அப்போ பின்னாடி ஒரு ஆடு, “ம்மேஏஏ.” கிளிக். சலேத்துக்கு ரெண்டு கொம்பு, ஒரு தாடி!

சூரியன் பாதி முங்கிருச்சு. கஸ்பாருக்கு வேர்க்குது. “அசையாத! சிரி!”

“தெரியாத பல்ல எதுக்குக் காட்டணும்?”

“எல்லாருகிட்டயும் சொல்றதுதான், சிரி புள்ள!”

“எல்லாரும் கேட்டா நானும் கேக்கணுமா?”ன்னு இடுப்புல ஒரு கை, ஆகாசத்துல ஒரு விரலு, தாடைய சேவல் மாதிரி தூக்கிக்கிட்டு...

கிளிக்!

முளுக்! சூரியன் போச்சு. இனி எடுக்க வெளிச்சமில்ல. சலேத்து படத்தப் பாத்துட்டு ஓன்னு அழுறா. “அவளுங்க எவ்ளோ அழகா நிக்கிறாளுங்க. இது எவளோ பிசாசு மாதிரி இருக்கு. அப்பாவுக்கு நெசமாவே தெரியாது!”

“தெரிஞ்சுதா மாமா?”

ஏய், ‘ம்’ கொட்டச் சொன்னா கேள்வி கேக்குற! படு.

மூணு படத்துக்கும் பின்னால நம்பர் போட்டு, ‘இதுல நான் எதுன்னு அப்பாதான் சொல்லணும், நீங்க சொல்லக் கூடாது’ன்னு அத்தை வீட்டுக்காரர்கிட்ட கொடுத்துவிட்டாங்க. ஒரு மாசம் போச்சு. ரெண்டு மாசம் போச்சு. மூணாவது மாசம் கதவு டொக் டொக். கடுதாசி. சலேத்து பிரிச்சா, அப்பா கையெழுத்து:

“ரெண்டாம் நம்பரு நீதான் புள்ள. கேப்டன்கிட்டயே காட்டிட்டேன். மத்த ரெண்டும் போட்டோவுக்கு நிக்குது. எம் மக சண்டைக்கு நிக்கிறா. யாருகூட, என்ன சண்டை? ஒண்ணு விடாம எழுது.”

எழுதினா பாரு, பதினெட்டுப் பக்கம்! தபால்காரருக்கே தோள்பட்டை வலிச்சுதாம்.

கப்பல் அந்தப் பக்கம் போச்சு, கதை இந்தப் பக்கம் கரையேறிருச்சு. கால உள்ள இழுத்துக்க, தூங்கு.

தூங்கிட்டியா?

“ம்.”