நேராக நின்ற எழுத்து

உக்கடத்தில் ஹபீபின் கார் ஷெட்டில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பத்து மூன்று. மில்லை மூடிய பிறகு தொழில் கற்க வந்தவர் சீடர் மயிலப்பன். அவர் குருவை மாஸ்டர் என்பார், குரு அவரை அண்ணா என்பார். இதில் இருவருக்கும் கூச்சம் கிடையாது. கூச்சப்பட மயிலப்பனுக்கு நேரம் ஏது? அவருக்குத்தான் எந்நேரமும் மூக்குக்கு மேலே கோபம் நிற்குமே.

அன்று காலை அந்தக் கோபத்துக்கு ஜோடியாக இன்னொரு கோபம் காரில் வந்து இறங்கியது. திலகவதி அம்மாள், கல்யாண வீடுகளுக்குச் சமைத்துக் கொடுப்பவர். வலது கையில் இரண்டு விரல்களுக்குக் கட்டு. அவருடைய பழைய காரின் டிக்கிக் கதவைத் தூக்கி நிறுத்தும் இரண்டு கேஸ் ஷாக்கையும் ஏழு மாதம் முன்பு புதிதாக மாற்றிக் கொடுத்தது மயிலப்பன்தான்.

“பாத்திரம் எடுக்கக் கையை உள்ள விட்டேன். சடார்னு விழுந்துச்சு. இந்தக் கையில கரண்டியைப் புடிச்சு ஞாயித்துக்கிழமை எண்ணூறு பேருக்கு எப்படிங்க சமைக்கிறது? நீங்க வந்து கிண்டறீங்களா?”

அந்தக் கட்டைப் பார்க்கப் பார்க்க மயிலப்பனை அவமானம் பிடுங்கித் தின்றது. அவமானம் வந்தால் அவருக்கு அடுத்தது கோபம்தான்.

“என் வேலையில குத்தமே இருக்காதுங்க. அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரன் டூப்ளிகேட் சரக்கைத் தலையில கட்டிட்டான்!” வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்துவிட்டார். “மாஸ்டர், இன்னிக்கு அவன் கடையில ஒரு கண்ணாடி மிஞ்சாது.”

“போங்கண்ணா,” என்றார் ஹபீப். “அந்த ஷாக்கையும் கழட்டிக் கையோட கொண்டு போங்க. எதைக் காட்டிச் சண்டை போடுவீங்க?”

அது நியாயமாகத்தான் பட்டது. திலகவதி அம்மாள் வாசல் நாற்காலியில் போய் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு ஆள் தேடிப் போனில் பேச ஆரம்பித்தார். மயிலப்பன் டிக்கிக் கதவைத் தூக்கி, கட்டையை முட்டுக் கொடுத்து, இரண்டு ஷாக்கையும் கழற்றினார். கை வேலை செய்தது, வாய் கடைக்காரனின் வம்சத்தையே வறுத்தெடுத்தது.

ஹபீப் ஒன்றை வாங்கிப் பார்த்தார்.

“இது எப்படிண்ணா மாட்டியிருந்துச்சு? கம்பி எந்தப் பக்கம்?”

“மேல.”

“குழாய்?”

“கீழ. ஏன்?”

கம்பி குழாய்க்குள் நுழையும் இடத்தை ஹபீப் துணியால் துடைத்துக் காட்டினார். அங்கிருந்த ரப்பர் சீல் காய்ந்து வெடித்திருந்தது.

“இதுக்குள்ள கேஸோட கொஞ்சூண்டு எண்ணெயும் இருக்குங்கண்ணா. டிக்கியை மூடி வெக்கறப்ப கம்பி கீழ இருந்தா, எண்ணெய் இந்த சீல் மேல நிக்கும்.”

“கம்பி மேல இருந்தா?”

“எண்ணெய் குழாயோட அடிக்குப் போயிரும். சீல் காயும். கேஸ் கசியும்.”

மயிலப்பன் ஷாக்கை வாங்கி, கம்பி கீழே வரும்படி பிடித்தார். குழாயில் ஒட்டியிருந்த பெயர் தலைகீழாக நின்றது. கம்பெனிக்காரன் எந்த நினைப்பில் அப்படி ஒட்டினானோ. ஏழு மாதம் முன்பும் இப்படித்தான் நின்றது. மில் ஸ்டோரில் முப்பது வருஷம் ஒவ்வொரு டப்பாவையும் எழுத்து நேராகத் தெரியும்படி அடுக்கி வைத்த கை அது. பொறுக்குமா? திருப்பி மாட்டிவிட்டது. மாட்டிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று அழகு வேறு பார்த்தார்.

“எழுத்து நேரா இருக்கட்டுமேன்னு...” என்று இழுத்தார்.

“எண்ணெய்க்குப் படிக்கத் தெரியாதுங்கண்ணா.”

மயிலப்பனின் முகம் கறுத்தது. கடைக்காரன் மேல் இருந்த கோபம் அத்தனையும் திரும்பி வந்து அவர் மேலேயே விழுந்தது. அதைத் தாங்க முடியவில்லை. ஷாக்கைப் பட்டறைக் கல்லின் மேல் போட்டு, பெரிய சுத்தியலை ஓங்கினார்.

“இந்தச் சனியனை நசுக்கிப் போட்டாத்தான் எனக்கு ஆறும்!”

ஹபீப் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார். சத்தம் போட்டே பழக்கமில்லாத ஆள், ஷெட்டே அதிரக் கத்தினார்.

“வைங்க கீழ!”

“காலியாப் போனதுதானே மாஸ்டர்? ஒரு கதவைத் தூக்க வக்கில்லை இதுக்கு.”

“கதவைத் தூக்கறதுக்குத்தான் பத்தாது. ஆளை அடிக்க உள்ள இன்னும் கேஸ் இருக்கு.”

மயிலப்பன் நின்றார். சுத்தியலைக் கீழே வைக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு வீல் ஸ்பேனரையும் எடுத்து, அதன் ஆணியில் மாட்டினார்.

அதே கடையில் வாங்கிய புது ஜோடி ஒன்று ஷெட்டில் இருந்தது. கம்பி கீழே, குழாய் மேலே என்று முணுமுணுத்துக்கொண்டே அதை மாட்டினார். அதற்குள் ஹபீப் வாசலுக்குப் போய் திலகவதி அம்மாளிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார். அம்மாளும் பின்னாலேயே வந்து, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி கதவையே பார்த்தார்.

“ஏனுங்க, எழுத்து தலைகீழா இருக்குது? போன தடவை நேராத்தானே இருந்துச்சு?” குரல் மறுபடி சூடாகியது. “இதையும் தப்பா மாட்டிட்டீங்களா?”

டூப்ளிகேட் என்ற சொல் இன்னும் மயிலப்பனின் நாக்கு நுனியில்தான் இருந்தது. அவர் மாஸ்டரைப் பார்த்தார்.

ஹபீப் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“உங்க வேலையைச் சரிபாக்காம வண்டியை அனுப்பினது நான்னு, என் பங்கை நான் சொல்லிட்டேங்கண்ணா. இப்ப உங்களைத்தான் கேக்கறாங்க.”