சொக்கையாவின் கட்டைவிரல்

ஒரு ஊர்ல சின்னாயி, சின்னாயின்னு ஒருத்தி இருந்தா. அவளுக்கு மூணு புள்ளைங்க. மூணும் சோறு இல்லாட்டியும் இருந்துக்கும், படிக்க ஏதாச்சும் வேணும். வீட்டுல புத்தகம்னு ஒண்ணுகூடக் கெடையாது. அப்ப எதப் படிச்சுதுங்க? மளிகைக்கடைப் பொட்டலத்தத்தான். பருப்பு பானைக்குப் போகும், தாளு புள்ளைங்க மடிக்குப் போகும்.

கடைக்காரன் பேரு சொக்கையா. அவனுக்கு எழுத்து வாசனையே கெடையாது. ஒரு மூட்டை பழைய புத்தகத்த எடைக்கு வாங்கிப் போட்டு, நித்தம் ஒவ்வொரு தாளாக் கிழிச்சுப் பொட்டலம் கட்டுவான். தாள்ல ஒரு மூலையக் கிழிச்சுத் திரிச்சுக் காதும் கொடைவான். இந்தப் புள்ளைங்க தாளுக்காக அவன் கடையே கதின்னு கெடக்குறதப் பாத்தான். 'இதுக இனி வேற கடைக்குப் போவாது'ன்னு கண்டுக்கிட்டான். கண்டுக்கிட்டவன் சும்மா இருப்பானா? படிக்குள்ள கட்டைவிரல விட்டு அளந்தான். மொத நாளு துவரம்பருப்பு, நகம் வரைக்கும் விட்டான். ரெண்டாம் நாளு பாசிப்பயறு, மூட்டு வரைக்கும் விட்டான். மூணாம் நாளு உளுந்து, அடி வரைக்கும் விட்டான்.

வீட்டுல அளந்து பாத்த சின்னாயிக்குக் கோவம் மூக்குமேல வந்துச்சு. "நாளைலேருந்து மேலத்தெரு கடைதான். சொல்லிட்டேன்."

மூணும் அவ காலக் கட்டிக்கிச்சு. கடைக்குட்டி குருவம்மா சொல்றா, "ஆத்தா, ராசாவோட கிணத்துல நித்தம் ஒரு சாண் தண்ணி கொறையுது ஆத்தா. எந்தத் திருடன்னு பாக்க ராசா மக கிணத்துக்குள்ள எறங்கிட்டா. ஆறு படி எறங்கியாச்சு. ஏழாவது படி நாளைக்கு வர்ற தாள்லதான் இருக்கு."

"ராசா மக எறங்கட்டும், ஏறட்டும். நம்ம உளுந்து எறங்கிக் கெடக்கே, அதப் பாக்குறது யாரு?" அப்படின்னு கேட்டாளே ஒழிய, அவளுக்கும் உள்ளுக்குள்ள ஒரு குறுகுறுப்பு. யாரா இருக்கும்?

மறுநாள் காலையில புள்ளைங்களோட அவளே கடைக்குப் போனா. போயி, "அண்ணே, படி கொறையுதே"ன்னா.

சொக்கையா வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சான். "என் படியில கொறைன்னு சொல்ற நாக்கு அழுகிப் போகும் தாயி. நேர்மைன்னா இந்த ஊர்ல நான் ஒருத்தன்தான்." சத்தம் கேட்டு ஊரே கூடிருச்சு.

குதிக்கிறவன் வாயப் பாக்கக் கூடாது புள்ளைகளா, கையப் பாக்கணும். நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டது, நீங்க படாமத் தெரிஞ்சுக்கங்க.

அவன் அளக்க ஆரம்பிக்க, குருவம்மா, "மாமா, பொட்டலம் கட்டுமுன்ன ஒரு தடவ படிச்சுக்கிறேன்"னு தாள எடுத்துச் சத்தமாப் படிச்சா. 'ஏழாவது படி. ஒரே இருட்டு. கீழே யாரோ தண்ணீர் மொள்ளும் ஓசை...'

சொக்கையா காதக் குடுத்தான். அப்புறம் வாயத் தொறந்தான். அப்புறம் என்னாச்சு தெரியுமா, கட்டைவிரலு தானா வெளிய வந்துருச்சு. படி குமிஞ்சு வழியுது. சின்னாயி பாத்துட்டா.

'அரசகுமாரி விளக்கை உயர்த்தினாள். அங்கே குடத்தோடு நின்றவன்...' குருவம்மா நிறுத்திட்டா.

"நின்னவன் யாரு?"ன்னான் சொக்கையா.

"அதுக்குக் கீழ கிழிஞ்சிருக்கு மாமா."

"எவன் கிழிச்சான்?"

"உன் கடையில வேற எவன்யா கிழிப்பான்?"னு கூட்டத்துல ஒரு குரலு.

சொக்கையா கல்லாவுல தேடுறான், மூட்டையில தேடுறான், உப்புச்சாக்குக்கு அடியில தேடுறான். குருவம்மா அவன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னவ, ஆத்தா காதுல என்னமோ சொன்னா. சின்னாயி இடுப்புல கைய வெச்சா.

"அண்ணே, அந்தத் துண்டு எங்கன்னு எம்மகளுக்குத் தெரியும். மூணு காரியம் செஞ்சா சொல்லுவா."

"முப்பது கேளு தாயி."

"ஒண்ணு, இங்க நிக்குற எல்லாருக்கும் விரல வெளிய வெச்சு ஆளுக்கு ஒரு படி பருப்பு அள. தின்னத கக்கு."

"அரைப்படி..."

"ஒண்ணரை."

"சரி, ஒண்ணு. ஒண்ணே."

"ரெண்டு, இனி பொட்டலத்துக்குத் தேக்கிலை. புத்தகத்துல கை வெக்கக் கூடாது. மூணு, மிச்சம் இருக்குற மூட்டை எம்புள்ளைங்களுக்கு."

"மூட்டையுமா?"

"வாங்க புள்ளைகளா, போவோம்."

"எடுத்துக்க தாயி, எடுத்துக்க. நின்னவன் யாருன்னு தெரியாம எனக்குச் சோறு எறங்காது."

அளந்தான், அளந்தான், வெயிலு உச்சிக்கு வர்ற வரைக்கும் அளந்தான். கடைசி ஆளுக்கும் அளந்தப்புறம் சின்னாயி கைய நீட்டி, அவன் காதுல செருகியிருந்த தாள்திரிய உருவுனா. காலையில காது கொடையக் கிழிச்ச துண்டு! இம்புட்டு நேரமும் கதையோட முடிவு அவன் காதுலயே இருந்துருக்கு. குருவம்மா அதப் பிரிச்சு, நீவி, தாளோட கிழிசல்ல ஒட்ட வெச்சுச் சேத்துப் படிச்சா.

'அங்கே குடத்தோடு நின்றவன் கிணற்றுக்குக் காவல்காரன். திருடன், திருடன் என்று எல்லோரையும்விட உரக்கக் கத்தியவன்.'

ஊரே சொக்கையாவப் பாத்துச்சு. சொக்கையா தன் கட்டைவிரலப் பாத்தான்.

படியும் நெறஞ்சுது, பானையும் நெறஞ்சுது, கேட்டவங்க காதும் நெறஞ்சுது. அந்த மூட்டையில வேற என்னென்ன கதை இருந்துச்சுன்னா கேக்குறீங்க? அத குருவம்மாவத்தான் கேக்கணும். கூப்பிட்டா அவ எங்க நிமிர்றா?