நடுவில் இருந்த பேரிங்

சதாசிவம் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அறுபத்து நான்கு வயதில் சிங்காநல்லூர் பட்டறை ஒன்றில் சீடராகச் சேர்ந்தார். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகும் ஷாஃப்ட்டுகளைப் பழுது பார்க்கும் பட்டறை அது. குரு ரெஜினாவுக்கு நாற்பது வயது. அவளை அவர் மேஸ்திரி என்பார். அவள் அவரைச் சார் என்பாள்.

அவரிடம் ஐம்பது வருடத்துப் பழைய அமெரிக்கக் கார் இருந்தது. இரண்டே கதவு, எட்டு சிலிண்டர், கிளப்பினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அதன் ஷாஃப்ட் இரண்டு துண்டு. நடுவே ஒரு ரப்பர் வளையத்துக்குள் பேரிங் இருந்து இரண்டையும் தாங்கியது. போன மாதம் முதல் வேகம் அறுபதைத் தாண்டினால் கார் நடுங்கியது.

கனடாவிலிருந்து மகன் ஒரே துண்டாக அலுமினிய ஷாஃப்ட் அனுப்பியிருந்தான். அப்பாவும் மகனும் நேராகப் பேசி ஆறு வருடம் ஆகிறது. எல்லாப் பேச்சும் அம்மா சௌந்தரம் வழியாகத்தான். ஷாஃப்ட்டின் நீளத்தைக்கூட அவள்தான், காருக்கடியில் போர்வை விரித்துப் படுத்து, தையல் டேப்பால் அளந்து சொன்னாள்.

பழைய ஷாஃப்ட்டைக் கழற்றியதும் சதாசிவம் கேட்டார்.

"மேஸ்திரி, நடுவுல இந்தப் பேரிங்கை எதுக்கு வெச்சாங்க? ஆட்டமெல்லாம் இதனாலதானே?"

ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சௌந்தரம் சிரித்தாள். "என்னையும் இதேதான் கேப்பாரு அம்மிணி. நடுவுல நீ பேசிப் பேசித்தான் கெட்டுதுன்னு."

ரெஜினா மெல்லிய நீளக் கம்பி ஒன்றை லேத்தில் இரு முனையும் பொருத்தினாள்.

"ஓட விடுங்க சார்."

வேகம் ஏற ஏறக் கம்பியின் நடுப்பகுதி வயிறு தள்ளியது. லேத்தே உதறியது. சதாசிவம் பதறி நிறுத்தினார்.

"முப்பது வருஷம் இதைத்தான் போர்டுல எழுதிப் போட்டேன்."

"போர்டு ஆடாதுங்களே சார்."

கம்பியின் நடுவில் அவள் ஒரு தாங்கியை வைத்து முடுக்கினாள். அதே வேகம். கம்பி சாதுவாகச் சுற்றியது. சிறிது நேரம் ஓட விட்டு நிறுத்தினாள்.

"தாங்கியைத் தொட்டுப் பாருங்க."

தொட்டவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். சுட்டது.

"அப்ப பையன் அனுப்பினதுல நடுவுல ஒண்ணும் இல்லையே மேஸ்திரி?"

"அது தடிச்ச குழாய் சார். வளையாது. தானா நிக்கிறதுக்கு நடுவுல ஆள் வேண்டியதில்லீங்க."

சாயங்காலத்துக்குள் புதியதைப் பூட்டினார்கள். சௌந்தரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பல்லடம் சாலையில் போய்த் திரும்பினார். தொண்ணூறிலும் அவள் மடியில் இருந்த பாட்டில் தண்ணீர் அலையவில்லை. அவள் கதவுப் பிடியை விட்டுவிட்டு, வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் அப்படி வந்து எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

பட்டறை வாசலில் இறங்கியதும் சொன்னார். "அவனுக்குப் போன் போடு. அருமையா ஓடுதுன்னு சொல்லு. ரொம்ப நன்றின்னும் சொல்லிடு."

சௌந்தரம் பையிலிருந்து போனை எடுத்து அழைத்தாள்.

அதற்குள் ரெஜினா பழைய பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவி, துணியால் துடைத்துக் கொண்டுவந்தாள். கடாசப் போவதை ஏன் இவ்வளவு பதமாகத் துடைத்தாள் என்று சதாசிவம் யோசித்தார். வாங்கிப் பார்த்தார். ரப்பர் சுற்றிலும் கிழிந்து, ஒரு நூலில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு கிழிஞ்சிருக்கு. போன மாசம் வரைக்கும் ஒரு சத்தம்கூட வரலையே மேஸ்திரி?"

"தாங்க முடிஞ்ச வரைக்கும் அது சத்தம் போடாதுங்க சார்."

கனடாவில் மகனின் போன் அடித்துக்கொண்டிருந்தது. சதாசிவம் பேரிங்கைச் சட்டைப்பைக்குள் வைத்தார். கிரீஸ் கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டு, போனுக்காக மனைவியிடம் நீட்டினார்.