இல்லை என்ற புரோக்கர்

தென்காசியில் மளிகைக் கடை வைத்திருந்த மங்களதுரை ஒரு நாள் வாடிய முகத்தோடு மடத்துக்கு வந்தார். குரு அவரைவிடப் பத்து வயது இளையவர். ஆனாலும் மங்களதுரைக்கு எதற்கும் அவரிடம் கேட்டாக வேண்டும்.

“வீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு சாமி. சம்சாரத்தோட வளையலை வித்த காசு. இந்த மாசத்துக்குள்ள லோன் கிடைக்கலன்னா அதுவும் போச்சு. ரெண்டு புரோக்கர் இருக்காங்க. யாரைப் பிடிக்கன்னு தெரியல.”

“யார் யாரு?”

“ஒருத்தர் சென்னைக்காரர். போன்லயே முடிச்சுத் தாரேங்காரு. இன்னொருத்தர் நம்மூரு மைதீன் பிச்சை. நல்ல காரியமாச்சேன்னு பழம் வாங்கிட்டுப் போறேன், எடுத்த எடுப்புலயே ‘இப்படியே கொண்டுபோனா லோன் இல்லை’ங்காரு! வீட்டுல விக்கிறவரோட அக்காவுக்கும் பங்கு இருக்காம், அவங்க கையெழுத்துப் போடலையாம். வில்லங்கம் பிடிச்ச மனுஷன் சாமி!”

“வில்லங்கம் பாக்கறதுதானே அவர் வேலை?” குரு சிரித்தார். “சரி, உங்க கடையில வெல்லம் தீந்துபோனா என்ன சொல்வீங்க அண்ணாச்சி?”

“இல்லைன்னு சொல்லலாமா? கடையில அந்த வார்த்தையே வரக்கூடாது. ‘நாளைக்கு வரும்’பேன்.”

“வருமா?”

மங்களதுரை தலையைச் சொறிந்தார். “அது... சில நாள் வராது.”

“சென்னைக்காரருக்குப் போன் போடுங்க.”

ஸ்பீக்கரில் குரல் கணீரென்று வந்தது. குரு பேசினார்.

“ஐயா, நான் ஒரு சாமியார். சம்பளம் கிடையாது. சொத்துன்னா இந்தக் காவி வேட்டிதான். வீட்டு லோன் வேணும்.”

“ஆயிடும் சாமி! ஒரே வாரத்துல வாங்கிடலாம். முதல்ல என் பீஸை மட்டும் அனுப்பிடுங்க.”

அட கொடுமையே! மங்களதுரை வாயைப் பிளந்தார். குரு போனை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார்.

மைதீன் பிச்சையின் ஆபீஸ் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. காவியைக் கண்டதும் மனிதர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ சொன்னார். குரு போனில் சொன்னதையே அவரிடமும் சொன்னார்.

“உங்க மேல மரியாதை உண்டு சாமி. ஆனா உங்களுக்கு எந்த பேங்க்லயும் லோன் இல்லை. டீயைக் குடிச்சிட்டுப் போங்க.”

பிறகு மங்களதுரை பக்கம் திரும்பினார். “நீங்க ஏன் அண்ணாச்சி கோவிச்சுக்கிட்டுப் பாதிப் பேச்சுல எந்திரிச்சுப் போனீங்க? அந்தக்கா கடையநல்லூர்லதான் இருக்காங்க. எனக்குத் தெரிஞ்சவங்க. தம்பி மேல மனவருத்தம், அவ்வளவுதான். நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்க் கேப்போம். கையெழுத்து வந்துட்டா உங்க லோன் ஆகும். நான் பொறுப்பு.”

மங்களதுரை குருவை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனார். “வளையல் விஷயம் சாமி. ஆகும்ங்காரே, நம்பலாமா?”

“முகத்துக்கு நேரா எனக்கே இல்லைன்னவர், உங்களுக்கு ஆகும்ங்காரு. இன்னும் என்ன யோசனை அண்ணாச்சி?”